சம்பளச் சீட்டில் ஒளிந்திருக்கும் வைத்தியச் செலவு!

'சித்த வைத்தியருக்கும் சம்பளச் சீட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?' என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. என்னிடம் வருகிற நோயாளிகளிடம் நாடி பார்ப்பேன், நாக்கை நீட்டச் சொல்வேன், பசி, தூக்கம், மலச்சிக்கல் எல்லாம் விசாரிப்பேன். அதோடு இன்னொரு கேள்வியும் கேட்பது என் வழக்கம். "எங்கே வேலை பார்க்கறீங்க? சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறாங்களா?"

பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. "ஏதோ பிடிக்கிறாங்க டாக்டர்... பி.எஃப்.னு நினைக்கிறேன்" என்பார்கள். மாதா மாதம் தங்கள் பெயரில் ஒரு தொகை கட்டப்படுகிறது, அதில் பெரும் பங்கை முதலாளி கட்டுகிறார், அதை வைத்துத் தன் குடும்பத்துக்கே வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்பது தெரியாமலேயே நகையை அடகு வைத்து ஆபரேஷன் செய்துகொள்கிறவர்கள் எத்தனையோ பேர்.

அதனால் இந்த இதழில் மூலிகைக்கு லீவு. உங்கள் மருத்துவச் செலவில் முதலாளியின் பங்கு எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு, அது ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பார்த்துவிடுவோம். ஒரு பேனாவும் போன மாதச் சம்பளச் சீட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது எங்கே ஆரம்பித்தது?

தொழிலாளியும் முதலாளியும் சேர்ந்து பணம் போட்டு வைத்தியச் செலவைச் சமாளிக்கும் ஏற்பாட்டை முதன்முதலில் ஒரு நாடு முழுமைக்கும் சட்டமாகக் கொண்டுவந்தது ஜெர்மனி. 1883ஆம் வருடம், பிஸ்மார்க் காலத்தில். அப்போது தொழிலாளி மூன்றில் இரண்டு பங்கும், முதலாளி ஒரு பங்கும் கட்டினார்கள்.

நம் நாட்டில் இதற்கான திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பு பேராசிரியர் பி.பி. அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 1944ல் அறிக்கை கொடுத்தார். சுதந்திரம் வந்த மறு வருடமே, 1948ல், தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் பிரதமர் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். டெல்லியிலும் அன்றே ஆரம்பமாயிற்று. தமிழ்நாட்டில் முதலில் வந்தது 1955ல், மில்களின் ஊரான கோயம்புத்தூருக்கு. 'ஈட்டுறுதி' என்றால் இன்றைக்கு யாருக்கும் புரிவதில்லை. இ.எஸ்.ஐ. என்றால் உடனே தெரியும். நாமும் அப்படியே சொல்லுவோம்.

அந்தப் பழைய சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறினாலும் முதலாளி ஒரு பங்கு, தொழிலாளி ஒரு பங்கு என்ற அடிப்படை மாறவில்லை.

நூற்றுக்கு நாலு ரூபாய்

இப்போது கணக்குக்கு வருவோம். 2019 ஜூலை 1 முதல் உள்ள விகிதம் இது:

முதலாளியின் பங்கு: சம்பளத்தில் 3.25 சதவீதம்.
தொழிலாளியின் பங்கு: 0.75 சதவீதம்.
மொத்தம்: 4 சதவீதம்.

அதாவது உங்கள் சம்பளத்தில் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் நாலு ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் போகிறது. அதில் உங்கள் கையிலிருந்து போவது முக்கால் ரூபாய். மிச்சம் மூணேகால் ரூபாய் முதலாளியுடையது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தையல் தொழிலாளிக்கு நாளைக்கு 600 ரூபாய் கூலி. மாதம் 26 நாள் வேலை. சம்பளம் 15,600 ரூபாய்.

அவரிடம் பிடிப்பது: 117 ரூபாய்.
முதலாளி போடுவது: 507 ரூபாய்.
இ.எஸ்.ஐ.க்குப் போய்ச் சேருவது: 624 ரூபாய்.

வருடத்துக்குக் கணக்குப் போட்டால் தொழிலாளி 1,404 ரூபாய், முதலாளி 6,084 ரூபாய். இரண்டும் சேர்ந்து 7,488 ரூபாய்.

1997 முதல் 2019 ஜூன் வரை விகிதம் இதைவிட அதிகம். முதலாளிக்கு 4.75, தொழிலாளிக்கு 1.75, ஆக 6.5 சதவீதம். அந்தக் கணக்கில் இதே சம்பளத்துக்குத் தொழிலாளி 273 ரூபாயும் முதலாளி 741 ரூபாயும் கட்டியிருக்க வேண்டும். குறைத்ததில் தொழிலாளிக்கு மாதம் 156 ரூபாய் மிச்சம், முதலாளிக்கு 234 ரூபாய் மிச்சம்.

நாள் சராசரிக் கூலி 176 ரூபாய் வரை உள்ளவர்களிடம் எதுவும் பிடிக்கக் கூடாது என்றும் ஒரு சலுகை உண்டு. ஆனால் முதலாளி தன் பங்கைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

யாருக்கெல்லாம் பொருந்தும்?

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை, கடை, ஓட்டல், தனியார் பள்ளிக்கூடம், தனியார் ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் இது உண்டு. சம்பள வரம்பு 2006ல் 10,000 ரூபாயாக இருந்தது. 2010ல் 15,000 ஆனது. 2017 ஜனவரி 1 முதல் 21,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000.

சம்பளத்தைக் கூறு போட்டு 'இந்த அலவன்ஸ், அந்த அலவன்ஸ்' என்று பிரித்து, அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக்கிக் காட்டுவது சில இடங்களில் வழக்கம். சம்பளம் சிறுத்தால் முதலாளி கட்ட வேண்டிய பங்கும் சிறுக்கும் அல்லவா? புதிய சட்டத் தொகுப்பில் இதற்கு ஒரு கடிவாளம் போட்டிருக்கிறார்கள். சம்பளக் கணக்கில் சேராத அலவன்ஸ்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் சம்பளமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

117 ரூபாய்க்கு என்ன கிடைக்கும்?

மருந்து மாத்திரை, ஆபரேஷன், பிரசவம், ஆஸ்பத்திரியில் தங்குவது எல்லாம் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் இலவசம் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். கையில் பணமாகவும் கிடைக்கும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. அதே 600 ரூபாய்க் கூலிக்காரரை வைத்தே சொல்கிறேன்.

காய்ச்சலாகப் படுத்தால்: சம்பளத்தில் 70 சதவீதம், நாளைக்கு 420 ரூபாய் வீதம், வருடத்தில் 91 நாள் வரை. இதற்கு ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாளுக்குச் சாதாரணமாகப் பணம் கிடையாது.

நீண்ட கால நோய் என்றால்: காசநோய், புற்றுநோய், பக்கவாதம் போன்ற 34 நோய்களுக்கு, குறிப்பிட்ட காலம் தொடர்ந்து சந்தா கட்டியவர்களுக்கு, சம்பளத்தில் 80 சதவீதம். இரண்டு வருடம் வரை நீட்டிக்கலாம்.

பிரசவம் என்றால்: முழுச் சம்பளம், 26 வாரம். 182 நாளைக்கு 600 ரூபாய் வீதம் 1,09,200 ரூபாய்! முதல் இரண்டு குழந்தைகளுக்கு இது. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களிலும் சேர்த்து 70 நாள் சந்தா கட்டியிருந்தால் போதும்.

வேலையில் அடிபட்டால்: முதல் நாள் வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி, சம்பளத்தில் 90 சதவீதம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகிற வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும் வேலையோடு சம்பந்தப்பட்டிருந்தால் இதில் சேரும். உயிரே போய்விட்டால் குடும்பத்துக்கு மாதா மாதம் உதவித்தொகை. ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை.

மில் தொழிலாளர்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்சுத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப்போகும் நோய் இருக்கிறதே, அது தொழிலால் வரும் நோய் என்று சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுக்கமும் இருமலும் அதிகமாக இருந்தால் 'சளிதான்' என்று நீங்களாகவே ஆடாதோடை கஷாயம் போட்டுக் குடித்துக்கொண்டு காலத்தைக் கடத்தாதீர்கள். கஷாயம் குடிக்கலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. இ.எஸ்.ஐ. டாக்டரிடமும் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா?

இந்தக் கட்டுரையில் நீங்கள் மறக்கவே கூடாத பகுதி இது.

கழுத்து வலிக்காகத் தைலம் வாங்க ஒரு அம்மா என்னிடம் வருவார். பனியன் கம்பெனியில் தையல் வேலை. ஒருமுறை வரும்போது முகம் வெளிறி, கண் இமைக்குள் ரத்தமே இல்லாமல் இருந்தது. விசாரித்தால் ஐந்து மாதமாக அதிக உதிரப்போக்கு. ஸ்கேனில் கர்ப்பப்பைக் கட்டி. தனியார் ஆஸ்பத்திரியில் கேட்ட தொகைக்காகத் தாலிக்கொடியை விற்பதாக முடிவு செய்திருந்தார்கள். "கஷாயத்திலேயே கரைச்சுடுங்க அய்யா" என்றார். அவ்வளவு பெரிய கட்டியை நான் கஷாயத்தில் கரைக்கிறேன் என்று சொல்லியிருந்தால் அது வைத்தியம் இல்லை, வஞ்சகம்.

சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மாதா மாதம் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தார்கள். "அது கவர்மெண்டுக்குக் கட்டுறதுனு நினைச்சேங்க அய்யா" என்றார். அவருடைய மகன் போனில் எண்ணைப் போட்டுப் பார்த்தான். கடைசி நாலு மாதம் சந்தா கட்டியதாகவே காட்டவில்லை! பணம் பிடித்த கம்பெனி அதைக் கட்டாமல் வைத்திருந்திருக்கிறது.

பையன் விவரம் தெரிந்தவன். சம்பளச் சீட்டுகளை நகல் எடுத்து, எழுத்து மூலம் புகார் கொடுத்தான். விசாரணை வந்ததும் நிலுவையை வட்டியோடு கட்டினார்கள். அம்மாவுக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் ஆயிற்று. தாலிக்கொடி கழுத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்த நாலு மாதக் கணக்கைச் சரிசெய்ய ஆறு வாரம் அலைந்தார்கள். அதுவரை ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மருந்தோடு அவர் தள்ளாடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். முன்பே ஒருமுறை சரிபார்த்திருந்தால் அந்த ஆறு வாரம் மிச்சம்.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? தொழிலாளியிடம் பிடித்த பணம், முதலாளியிடம் நம்பி ஒப்படைத்த பணம். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் தன் பங்கையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். தாமதித்தால் வருடத்துக்கு 12 சதவீத வட்டி. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பது சிறைத் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். இன்னொன்று: முதலாளி தன்னுடைய பங்கை உங்கள் சம்பளத்தில் நேராகவோ சுற்றிவளைத்தோ பிடிக்கக் கூடாது. சீட்டில் 4 சதவீதமும் உங்களிடமே பிடித்திருந்தால் உடனே கேளுங்கள்.

சரிபார்ப்பது இப்படி:

* சம்பளத்தை 0.75ஆல் பெருக்கி 100ஆல் வகுங்கள். சில்லறைக் காசு வந்தால் அடுத்த முழு ரூபாய். பிடித்த தொகை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.
* உங்கள் பத்து இலக்கக் காப்பீட்டு எண்ணைக் கம்பெனியில் கேட்டு வாங்கி, சமையலறைக் காலண்டரின் பின்னாலாவது எழுதி வையுங்கள்.
* இ.எஸ்.ஐ. கழகத்தின் இணையதளத்திலோ, உமங் செயலியிலோ எந்தெந்த மாதம் எத்தனை நாளுக்குச் சந்தா வந்திருக்கிறது என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.
* மனைவி, பிள்ளைகள், பெற்றோர் பெயர்கள் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா, ஆதாரில் உள்ளபடி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எமர்ஜென்சியில் பெயர்க் குழப்பம் வந்தால் அலைச்சல்தான்.
* குறை இருந்தால் முதலில் கம்பெனியில் கேளுங்கள். பலன் இல்லையென்றால் அருகிலுள்ள இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் மண்டல அலுவலகமும், கோவை, மதுரை, சேலம், திருநெல்வேலியில் துணை மண்டல அலுவலகங்களும் உள்ளன.

21,000 தாண்டியவர்களுக்கு?

இங்கேதான் நடுத்தரக் குடும்பங்கள் இடறுகின்றன. வரம்பைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. இல்லை. அதற்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு 'முதலாளி இத்தனை சதவீதம் கட்ட வேண்டும்' என்று ஒரு விகிதம் கிடையாது. நல்ல கம்பெனிகள் குரூப் மெடிக்ளெய்ம் பாலிசி எடுக்கின்றன. பெரும்பாலும் ஊழியர், மனைவி, குழந்தைகளுக்கான பிரீமியத்தைக் கம்பெனி கட்டும். பெற்றோரைச் சேர்க்க வேண்டுமானால் பல இடங்களில் அந்தப் பிரீமியம் உங்கள் சம்பளத்தில் பிடிக்கப்படும். கம்பெனி கட்டும் பங்கையும் 'மொத்த ஊதியம்' என்று வேலைக் கடிதத்தில் எழுதும் தொகைக்குள் சேர்த்துக் காட்டும் பழக்கமும் உண்டு. ஆகவே அதை இனாம் என்று நினைத்துக் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.

கம்பெனியில் கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. மொத்தக் காப்பு எவ்வளவு, அது தலைக்கா, குடும்பத்துக்கா? அறை வாடகைக்கு வரம்பு உண்டா? பில்லில் நம் பங்காக எத்தனை சதவீதம் கட்ட வேண்டும்? வேலையை விட்டால் அன்றோடு முடிந்துவிடுமா?

நாலாவது கேள்வி முக்கியம். வேலை போகிற அன்றைக்குக் காப்பீடும் போய்விட்டால், ஐம்பது வயதில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்புமாகப் புதிய பாலிசிக்கு அலைய வேண்டியிருக்கும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் புதிய பாலிசியில் காத்திருக்கும் காலம் அதிகபட்சம் 36 மாதம் என்று 2024 ஏப்ரல் முதல் விதி. மூன்று வருடம் சின்னக் காலமா? அதனால் கம்பெனி பாலிசி இருந்தாலும் உடம்பு நன்றாக இருக்கும்போதே சின்னதாக ஒரு சொந்தப் பாலிசி எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி.யும் இல்லை.

வழக்கமாக வரும் சந்தேகங்கள்

"ஜூன் மாதம் என் கணவருக்குச் சம்பளம் 22,000 ஆகிவிட்டது. இ.எஸ்.ஐ. உடனே நின்றுவிடுமா?"
நிற்காது. சந்தாக் காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. நடுவில் சம்பளம் உயர்ந்தாலும் அந்தக் காலம் முடியும்வரை இருவரும் சந்தா கட்ட வேண்டும். ஏப்ரல்-செப்டம்பர் சந்தாவுக்கான பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அந்த அவகாசத்துக்குள் சொந்தப் பாலிசி எடுத்துவிடுங்கள்.

"நான் கான்ட்ராக்டர் மூலமாக வேலை செய்கிறேன். எனக்கு உண்டா?"
உண்டு. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கும் கம்பெனியே கட்ட வேண்டும். பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்வது அவர்கள் பாடு.

"என் மாமியாரையும் சேர்க்க முடியுமா?"
புதிய சட்டத் தொகுப்பில் பெண் தொழிலாளியின் மாமனார், மாமியாரையும் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். அவர்களுடைய வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும். கிளை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

"ரிட்டயர் ஆன பிறகு?"
குறைந்தது ஐந்து வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து வயது முதிர்வில் ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைவருக்கும் வைத்தியம் தொடரலாம். மாதம் பத்து ரூபாய்! இதைத் தெரியாமல் விட்டவர்கள் ஏராளம்.

"உங்களிடம் வாங்கும் சர்டிபிகேட்டைக் கொடுத்து இ.எஸ்.ஐ.யில் சம்பளம் வாங்கலாமா?"
சாதாரணமாக முடியாது. இ.எஸ்.ஐ. டாக்டர் கொடுக்கும் சான்றிதழ்தான் செல்லும். முதல் நாளே அங்கே காட்டிவிட்டு, பிறகு என்னிடம் வாருங்கள்.

"சித்த வைத்தியத்துக்குக் காப்பீடு உண்டா?"
தமிழ்நாட்டில் சில இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளிலேயே சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. தனியார் பாலிசிகளிலும், ஆயுஷ் ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சையை மற்ற சிகிச்சைக்குச் சமமாகக் கருத வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லி, அது 2024 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. பாலிசியில் அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியா என்று பார்த்துச் சேருங்கள்.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். கூட்டம் இருக்கிறது, காத்திருக்க வேண்டும், எல்லா மருந்தும் எல்லா நாளும் கிடைப்பதில்லை; நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே இல்லாத உயர் சிகிச்சைக்கு, தகுதியுள்ளவர்களை ஒப்பந்தத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கு அவர்களே எழுதி அனுப்புகிறார்கள். செலவை இ.எஸ்.ஐ. ஏற்கிறது. உங்கள் பெயரில் வருடத்துக்கு ஏழாயிரத்துச் சொச்சம் கட்டப்பட்டிருக்கும்போது அதைக் கேட்டு வாங்குவதில் வெட்கம் எதற்கு?

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் வீட்டில் சம்பாதிக்கிற ஒவ்வொருவருடைய சம்பளச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள். பிடித்தது எவ்வளவு, கட்டியது எவ்வளவு, குடும்பத்தில் யார் யார் பெயர் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்திலேயே பத்திரப்படுத்துங்கள். வீட்டு அம்மாக்களுக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.